சரளா எத்திராஜ் நினைவு இல்லம்

கீழ்க்கட்டளையில் எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோவிலில் ஒரு டியூப்லைட் இருக்கிறது, சார். அதில் பாதி வெளிச்சம்தான் வரும். மீதிப் பாதியை ‘உபயம்’ என்று போட்டு, கொடுத்தவர் பெயர், அவர் மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், கடை விலாசம் எல்லாம் கறுப்புப் பெயின்டில் எழுதி மறைத்திருப்பார்கள். அதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. நான் சிரித்ததில்லை. கொடுத்தவன் பெயரைப் போடுவதில் என்ன தப்பு? வாங்குகிறவன் வாங்கிக்கொண்டு கம்மென்று இருந்துவிடுவான்.

என் பெயர் எத்திராஜ். சங்கங்களைப் பதிவு செய்கிற அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மூடுமந்திரமாக நடந்து கடைசியில் நாறிப்போன சங்கங்களை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். அதனால் வெளிப்படைத்தன்மை என்பது எனக்கு மேடைப் பேச்சு இல்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் அந்தக் குழந்தையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை அவளும் அவள் அம்மாவும் தனியாக இருப்பார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது என்கிறீர்கள். வருகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் என் பக்கம் உங்களுக்குப் புரியும்.

அந்த வீட்டைக் கட்டியது என் மனைவி சரளா. டெலிபோன் இலாகாவில் ஆபரேட்டராக இருந்தவள். விருப்ப ஓய்வில் வந்த பணம் முழுவதையும் அதில் கொட்டினாள். உச்சி வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று மேஸ்திரியோடு மல்லுக்கு நிற்பாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவளுக்கு அந்த வீடுதான் எல்லாம். கிரகப்பிரவேசம் ஆகிக் கொஞ்ச காலத்திலேயே சிறுநீரகம் பழுதாகிப் போய்ச்சேர்ந்தாள். அதற்குப் பிறகு என்னால் அங்கே தூங்க முடியவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு வந்துவிட்டேன். வீடு பூட்டிக் கிடந்தது.

அப்போதுதான் மெஹர் பானு வந்தார். பல்லாவரத்தில் தோல் வியாபாரம் செய்தவரின் மனைவி. கணவர் காலமான பிறகு ‘கைப்பிடி அறக்கட்டளை’ என்று ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். வேறு நாட்டிலிருந்து உயிர்தப்பி இங்கே வந்தவர்களுக்கு உதவுவது அவர் வேலை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, அகதி என்று பதிவு செய்ய உதவுவது. அறக்கட்டளையைப் பதிவு செய்கிற விஷயமாக முன்பே என்னிடம் யோசனை கேட்டிருக்கிறார்.

“எங்க பொண்ணுங்களுக்கு யாரும் வீடு தர மாட்டேங்கறாங்க சார். பர்மான்னு சொன்னாலே கதவ சாத்தறாங்க. ஆம்பள தொணை இல்லாத பொம்பளைங்க வேற,” என்றார்.

வாடகையே வேண்டாம், சும்மா வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்த அம்மா அழுதுவிட்டார். நான் கேட்டது ஒன்றே ஒன்று. வாசலில் சரளா பெயர் இருக்க வேண்டும்.

“அதுக்கென்ன சார், பாக்கலாம்,” என்றார்.

அந்த ‘பாக்கலாம்’ என்ற சொல்லை நான் கவனித்திருக்க வேண்டும். அலுவலகத்தில் அதை நானே எத்தனை பேரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

முதலில் ஐந்து பெண்கள் வந்து சேர்ந்தார்கள். என்னையும் அறங்காவலர் ஆக்கினார்கள். கணக்குகளை முறைப்படி வெளியிடுகிற பொறுப்பு எனக்கு. ஆனால் வீட்டுக்குப் போர்டு கிடையாது. செருப்புகளை எல்லாரும் உள்ளே கழற்ற வேண்டும். வெளியே ஏழெட்டு ஜோடி கிடந்தால் ஹாஸ்டல் என்று தெரிந்துவிடுமாம். சமையலுக்கு வருகிற பட்டு தினமும் காலையில் வாசலில் கோலம் போடுவாள். ஏதோ ஒரு சாதாரணக் குடும்பம் இருப்பது போலத் தெரிய வேண்டும் என்பதற்காக மெஹர் பானு செய்த ஏற்பாடு அது. என் மனைவி வாசலில் சம்பளத்துக்குக் கோலம். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதால் கோபம் இல்லை என்று ஆகாது.

பிறகுதான் சோயாவும் அவள் மகள் ஃபாயிசாவும் வந்தார்கள். ஃபாயிசாவுக்கு ஆறு வயது. சோயாவுக்குத் தமிழ் வராது, மெஹர் பானுவின் உருதுவும் அரைகுறை. நான் அந்தக் காலத்தில் தாம்பரத்தில் மாலை வகுப்பு போய் ஹிந்திப் பரீட்சைகள் எழுதியவன். அதனால் அவள் கதையைக் கேட்டுத் தமிழில் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். ஹாலில், சரளா தேர்ந்தெடுத்த பச்சை மொசைக் தரையில் உட்கார்ந்து சொன்னாள். எல்லை தாண்டி வந்தவளை ஒரு தரகன் வடக்கே ஓர் ஆளிடம் விற்றிருக்கிறான். அந்த ஆள் அவளுக்குப் புருஷன் என்று சொல்லிக்கொண்டான். சத்தம் போடவே மாட்டானாம். அடிப்பதற்கு முன்னால் எப்போதும் மெதுவான குரலில், “கானா காயா?” என்று கேட்பானாம். சாப்பிட்டாயா என்று அர்த்தம். சாப்பிட்டேன் என்று சொன்ன பிறகுதான் அடிப்பானாம். குழந்தை வளர்ந்துகொண்டு வருகிறது, அவளுக்கும் ஒரு விலை பேசிவைத்திருக்கிறான் என்று தெரிந்த அன்று தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறாள். அவன் தேடிக்கொண்டே இருப்பான் என்றாள். நான் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். மெஹர் பானு முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சரளாவின் திதி நெருங்கியபோது கல்வெட்டுப் பேச்சை மறுபடி எடுத்தேன். கேட் தூணில் கறுப்பு கிரானைட், தங்க எழுத்து. செலவு என்னுடையது.

“சார், அக்கா பேரு போடறதுல எனக்கு என்ன வருத்தம்? உள்ள ஹால்ல பெரிய போட்டோ வெச்சு, கீழ கல்லுலயே எழுதிடலாம். இல்லன்னா பல்லாவரம் ஆபீஸ் வாசல்ல போடலாம். இந்தக் கதவு மட்டும் வெளிய தெரியக் கூடாது சார். அந்தப் பொண்ணு உசுரு சார்,” என்றார் மெஹர் பானு.

ஹாலில் போட்டால் யார் பார்ப்பார்கள்? அந்த ஆறு பேருக்குத் தமிழ் படிக்கவே தெரியாது. வீடு வாங்கும்போது ஒரு பேச்சு, குடியேறிய பிறகு ஒரு பேச்சு. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் நான் கத்துகிற ஆள் இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்துவந்தேன்.

வருடக் கணக்கு வெளியிடும் நேரம் வந்தது. எங்களுக்கு ஒரு வெளிநாட்டு அமைப்பின் நன்கொடை வந்துகொண்டிருந்தது. அப்படி வாங்குகிறவர்கள் தணிக்கை செய்த கணக்கைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அது விதி. கூட்டத்தில் நான் அதோடு இன்னொன்றும் சொன்னேன். எந்தெந்த இடத்தில் என்ன நடக்கிறது, யார் தங்கியிருக்கிறார்கள், படத்தோடு விலாசத்தோடு போட வேண்டும். போடாவிட்டால் உரிமம் ரத்தாகிவிடும். அப்புறம் ஆறு பெண்களும் நடுத்தெருவில்தான் என்றேன். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். விதி தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான்.

மெஹர் பானுவின் அக்கா மகன் இர்ஃபான், வேன் ஓட்டுகிறவன், கணினி வேலையும் அவன்தான் பார்ப்பான். அவன் மட்டும் வாயைத் திறந்தான். “இன்னா சார் இது, அட்ரஸப் போட்டா எவன் எவனோ வந்து நிப்பானே. கவர்மென்ட்டே இத கேக்குதா?”

“கேட்கிறது, தம்பி,” என்றேன்.

அடுத்த வாரம் மெஹர் பானு வாணியம்பாடிக்கு ஒரு நிக்காஹுக்குப் போயிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆளை வைத்துக் கல்லைத் தூணில் பதித்தேன். சரளா எத்திராஜ் நினைவு இல்லம். அயல்நாட்டு அபலைப் பெண்கள் காப்பகம். தமிழில், ஆங்கிலத்தில், ஹிந்தியில். ஹிந்தியை நானே எழுதிக் கொடுத்தேன். உள்ளே இருப்பவர்களுக்கும் படிக்கிறாற்போல் ஏதாவது இருக்க வேண்டாமா? பட்டு கையில் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “அம்மா ஊர்ல இல்லாதப்போ இன்னாத்துக்கு சார் இந்த வேல? பேஜாராயிடப் போவுது,” என்றாள். இது என் வீடு என்றேன். அவள் உள்ளே போனாள்.

ஒரு குத்துவிளக்கு வைத்து ஃபாயிசாவை ஏற்றச் சொன்னேன். அந்தக் குழந்தை என்னை நானா என்று கூப்பிடும்; அவர்கள் பக்கம் தாத்தாவுக்கு அப்படித்தான். புதுக் கவுன் போட்டுக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். சோயா ஓடிவந்து அவளை இழுத்தாள். அந்த நேரத்தில் எடுத்த படத்தில் இரண்டு பேர் முகமும் நன்றாக விழுந்திருக்கிறது. கல்லில் உள்ள எழுத்தும் தெளிவாகத் தெரிகிறது. அந்தப் படத்தைத்தான் அறக்கட்டளையின் இணையப் பக்கத்தில் போட்டேன். தொடர்புக்கு என்ற இடத்தில் கீழ்க்கட்டளை என்று ஊரைப் போட்டு, சரளாவின் நம்பரைக் கொடுத்தேன். அவள் போனை நான் இன்னும் உயிரோடு வைத்திருக்கிறேன். மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறேன். அவள் போன பிறகு அதில் ஒருவர்கூடக் கூப்பிட்டதில்லை.

மெஹர் பானு வந்ததும் வீடே ரணகளம். அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. ஃபிளாட்டுக்கு வந்து, நான் கொடுத்த தண்ணீரைத் தொடாமல், “கல்ல எடுத்துடலாம் சார். கையெடுத்துக் கும்பிடறேன்,” என்றார். கல்லைத் தொட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் அனுப்புவேன் என்றேன். “அப்படின்னா பொண்ணுங்கள நான் மாத்திக்கறேன். மொதல்ல சோயாவ,” என்றார். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி ஆசிரியை தன் வீட்டில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை கூட்டிப்போவதாக ஏற்பாடு. இர்ஃபான் அந்த இணையப் பக்கத்தையும் அன்றே எடுத்துவிட்டான். அதில் என்ன நம்பர் இருந்தது என்று அவன் பார்த்துவைக்கவில்லை.

ஆனால் அது நாலைந்து நாள் வெளியே இருந்துவிட்டது. போதும் போலிருக்கிறது.

சோயாவும் ஒரு நாள் வந்தாள். கதவுக்கு வெளியிலேயே நின்றாள். படத்தை யார் யார் பார்த்தார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டாள். தெரிந்துகொள்ள முடியாது, பொதுமக்கள் பார்ப்பதற்காகத்தானே போடுவது என்று நல்ல ஹிந்தியில் விளக்கினேன். அவள் என் காலைத் தொட வந்தாள். நான் காலை இழுத்துக்கொண்டேன்.

இனி சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். மறுநாள் மாலை நடைக்குப் போனேன். தினமும் அந்த வீட்டு வழியாகத்தான் போவேன். கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். அன்றைக்குக் கல் தெரியவில்லை. அதன்மேல் ஒரு ஈரப் பாவாடையைக் காயப்போட்டிருந்தார்கள். தண்ணீர் சொட்டி, கீழே தூணெல்லாம் நனைந்திருந்தது. சோயா மாடி ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்தாள். அவள்தான் போட்டிருக்கிறாள். நான் அண்ணாந்து பார்த்தும் அவள் அதை எடுக்க இறங்கிவரவில்லை.

என் மனைவி பெயர் மேல் பாவாடை, சார். அவள் கட்டிய வீட்டில், அவள் போட்ட தூணில். எனக்கு வந்த கோபம் இப்போதும் அப்படியே இருக்கிறது. உங்களிடம் மறைக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டு சாமி அலமாரிக்கு முன் உட்கார்ந்திருந்தேன். அங்கேதான் சரளா படத்துக்குப் பின்னால் அவள் போன் இருக்கும். அது அடித்தது. நான் அதன் மணியையே மறந்துபோயிருந்தேன்.

“கானா காயா, ஜீ?” என்று ஒரு குரல் மெதுவாகக் கேட்டது.

சாப்பிட்டாயிற்று என்றேன். தன் சம்சாரம் கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள், குழந்தையைப் பார்க்காமல் ஏங்குகிறேன் என்றான். மரியாதையாகப் பேசினான். வாக்கியத்துக்கு ஒரு ஜீ. சென்னைக்கு வந்துவிட்டானாம், கீழ்க்கட்டளை வரைக்கும் வந்துவிட்டானாம், தெருதான் பிடிபடவில்லையாம். ஒரு பொது அமைப்பைப் பற்றி வெளி ஆள் ஒருவன் விவரம் கேட்டால் சொல்ல வேண்டியது நம் கடமை. நான் தெருவைச் சொன்னேன்.

யார் என்று தெரியாமல் சொல்லிவிட்டதாக நேற்று உங்கள் எஸ்.ஐ.யிடம் சொன்னேன். அது சரியில்லை. முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. அந்த வார்த்தையைத் தமிழில் மொழிபெயர்த்தவனே நான்தானே.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டான். கேட் முன்னால்தான் நிற்கிறானாம். தூணில் ஏதோ துணி தொங்குகிறது, அடையாளம் தெரியவில்லை என்றான். அதை விலக்கிப் பாருங்கள் என்றேன். விலக்கினான். படித்தான். சரளா எத்திராஜ் நினைவு இல்லம். உச்சரிப்பு தப்புதான். ‘ள’ அவர்களுக்கு வராது. ஆனால் நிதானமாக, ஓர் எழுத்து விடாமல், கடைசி வரைக்கும் படித்தான். அந்தத் தெருவில் இத்தனை பேர் இருக்கிறார்கள், ஒருத்தர் வாயிலிருந்தும் அந்தப் பெயர் வந்து நான் கேட்டதில்லை.

ஆமாம், அதே வீடுதான் என்றேன். இப்போது போகாதீர்கள், ஆட்கள் இருக்கிறார்கள் என்றேன். வெள்ளிக்கிழமை காலையில் எல்லாரும் பல்லாவரம் சந்தைக்கு வேனில் போய்விடுவார்கள், சோயா வெளியே தலைகாட்ட மாட்டாள், அவளும் குழந்தையும்தான் இருப்பார்கள் என்றேன். சனிக்கிழமை வந்தால் இருக்க மாட்டார்கள் என்றும் சொன்னேன். அவன் சுக்ரியா என்று நன்றி சொன்னான். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை நான் மோர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். இர்ஃபான் வந்து கதவைத் தட்டியபோதுதான் எழுந்தேன். “பாப்பாவத் தூக்கிக்கினு பூட்டாங்க சார்,” என்றான். வெள்ளைக் காராம், மூன்று ஆட்களாம். சோயா குழந்தையை விடாமல் கேட் தூணைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் தலையைத் தூணில் இருந்த கல்லிலேயே மோதி மோதிக் கையை விடுவித்திருக்கிறார்கள். நான் போனபோது ஆம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டது. அவளுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை என்று நீங்கள்தான் காலையில் சொன்னீர்கள். மெஹர் பானு தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ஒரு சின்னச் செருப்பு இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, “ரூல்ல நெஜமாவே அப்படி இருந்திச்சா சார்?” என்று மட்டும் கேட்டார்.

உங்களுக்குச் சொல்கிறேன். இல்லை. கணக்கை வெளியிட வேண்டும் என்றுதான் இருக்கிறது. யார் தங்கியிருக்கிறார்கள், எங்கே தங்கியிருக்கிறார்கள், அவர்கள் முகம் எப்படி என்று எந்த விதியும் கேட்கவில்லை. அது எனக்குக் கூட்டத்திலேயே தெரியும். ஆனால் விதி என்பதன் உயிர் என்று ஒன்று உண்டல்லவா? நான் அதைத்தான் காப்பாற்றினேன். சரளா பெயர் அதில் வந்தது தற்செயல்.

அவன் நம்பரைக் கேட்கிறீர்கள். நீங்கள் வாங்கி வைத்திருக்கிற என் போனில் அது இருக்காது. சரளா போனில் இருக்கிறது, சாமி அலமாரியில், படத்துக்குப் பின்னால். இரண்டு நாளாக ஏன் சொல்லவில்லை என்று இப்படிப் பார்க்காதீர்கள், சார். வந்தவர்கள் எல்லாரும் குழந்தை எங்கே, குழந்தை எங்கே என்றுதான் கேட்டார்கள். கல்லைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நேற்று ராத்திரிகூட அந்த நம்பரிலிருந்து மணி அடித்தது. நான் எடுக்கவில்லை. பின்னால் குழந்தைச் சத்தம் கேட்டுவிட்டால் என்ன செய்வது?

ஃபிளாட் சாவி உங்கள் ஏட்டிடம் இருக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். போகிறவர்களிடம் எனக்காக ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். வருகிற புதன்கிழமை சரளாவுக்குத் திதி. அதற்குள் அந்தக் கல்லைக் கழுவிவிடச் சொல்லுங்கள். எழுத்தெல்லாம் மறைந்து கிடக்கிறது.